சுத்துறது பெருசில்ல... நிக்கணும் பாஸ்!

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், இன்ஜினீயரிங்... நீங்க எதுல படிச்சிருந்தாலும் சரி, முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பை மறந்திருக்க மாட்டீங்க. காக்கி கோட்டு, கையில ஒரு மரக்கட்டை, அதுல ‘டீ லாப் ஜாயின்ட்’ போடச் சொல்லி இழைப்புளியையும் உளியையும் கொடுத்து உட்கார வச்சிருப்பாங்க. மூணு மணி நேரம் மல்லுக்கட்டினாலும் ரெண்டு கட்டையும் ஒண்ணோட ஒண்ணு சேராது. இடுக்குல மரத்தூளும் ஃபெவிகாலும் வச்சு அடைச்சு மார்க் வாங்கின புத்திசாலிகள் எல்லா பேட்ச்லயும் உண்டு!

அந்த லேபை விட்டு வெளியே வந்து, உங்க தெருவுல வீடு கட்டுற இடத்துக்குப் போய்ப் பாருங்க. சீனே வேற. இழைப்புளி மூலையில தூங்குது. ஒருத்தர் சுவத்துல ட்ரில் போடுறார், ஒருத்தர் கம்பியை கிரைண்டர்ல அறுத்து பொறி பறக்க விடுறார், இன்னொருத்தர் பிளைவுட்டை மார்பிள் கட்டரால கிழிச்சிட்டிருக்கார். காதைப் பொத்திக்கிட்டு கடந்து போயிடுறோம். ஆனா அந்த ‘ர்ர்ர்ர்’ சத்தத்துக்குள்ள ஒரு பெரிய டெக்னாலஜி ரேஸ் ஓடிட்டிருக்கு.

கடை போஸ்டரைப் பார்த்தா அந்த ரேஸ் புரியாது. அங்கே எல்லாம் ‘அதிக பவர்’, ‘அதிக ஆர்.பி.எம்.’, ‘பெரிய பேட்டரி’தான். நான் உங்களைக் கவனிக்கச் சொல்றது அதுக்கு நேர் எதிர்ல இருக்கிற ஒரு விஷயத்தை. சுத்துற கருவி எவ்வளவு சீக்கிரம் நிக்குது? மூளைக்காரங்க நிஜமா மண்டையை உடைச்சுக்கிற இடம் இப்போ அதுதான்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். நம்ம ஊர்ல சகஜமா கிடைக்கிற 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுத்து சுத்தும். அதோட விளிம்பு எவ்வளவு வேகத்துல ஓடுது தெரியுமா? மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலே! எக்ஸ்பிரஸ் ரயிலைவிட வேகமா ஓடுற ஒரு பொருளை, ஒரு ஜான் தூரத்துல, வெறும் கையில பிடிச்சிட்டு நிக்கிறார் அந்த அண்ணன்.

ட்ரிகர் வந்த கதை

கையில தூக்கிட்டுப் போற மின்சார ட்ரில்லை 1895ல் ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் கம்பெனி செஞ்சது. ஆனா இன்னிக்கு நாம பார்க்கிற துப்பாக்கி ஷேப் வந்தது அமெரிக்காவின் பால்டிமோர்ல. டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர்னு ரெண்டு பேர். ஆமா, ‘பிளாக் அண்ட் டெக்கர்’ அவங்கதான். துப்பாக்கி மாதிரி கைப்பிடியும் ட்ரிகரும் வச்ச ட்ரில்லுக்கு 1917ல் காப்புரிமை வாங்கினாங்க.

எல்லாரும் அந்தக் கைப்பிடியைத்தான் புகழ்வாங்க. என்னைக் கேட்டா அதுல பெரிய விஷயம் ட்ரிகர்தான். விரலை எடுத்தா கரன்ட் கட்! ஸ்விட்சைத் தேடிப் போக வேண்டாம். கருவியை நிறுத்துற வேலையை மனுஷனோட விரல் நுனிக்கே கொண்டு வந்த முதல் ஐடியா அது.

அடுத்து வயரை அறுத்தாங்க. 1961ல் இதே கம்பெனி பேட்டரியில ஓடுற ட்ரில்லை விட்டது. 1971ல் அப்போலோ 15ல் போனவங்க பேட்டரி ட்ரில்லால நிலாவையே துளை போட்டாங்க. (அங்கேயும் துளை போட்ட குழாய் சிக்கிக்கிட்டு வெளியே வராம அடம் பிடிச்சது தனிக் கதை!) ஆனாலும் அந்தக் காலத்து நிக்கல் - காட்மியம் பேட்டரிக்கு எடை அதிகம், தம் கம்மி. 2003ல் பாஷ் கம்பெனி ‘இக்ஸோ’ங்கற குட்டி ஸ்க்ரூடிரைவர்ல லித்தியம் அயான் பேட்டரியைக் கொண்டு வந்தது. 2005ல் மில்வாக்கியும் மகிட்டாவும் பெரிய டூல்களுக்கே லித்தியத்தைப் போட்டாங்க. அதுக்கப்புறம் நடந்ததைத்தான் இப்போ கடைகள்ல பார்க்கிறோம்.

பேட்டரியோட ஓசைப்படாம இன்னொரு ஆளும் உள்ளே வந்தார். பிரஷ்லெஸ் மோட்டார்!

இதைப் புரிஞ்சுக்க உங்க வீட்டு மிக்ஸியே போதும். மிக்ஸிக்குள்ள இருக்கிற மோட்டாரும் வயர் ட்ரில்லுக்குள்ள இருக்கிற மோட்டாரும் பங்காளிங்க. ரெண்டுலயும் ‘கார்பன் பிரஷ்’னு ரெண்டு கரித்துண்டு உரசிக்கிட்டே இருக்கும். சட்னி கெட்டியாகி மிக்ஸி திணறும்போது ஒரு கருகல் வாசனை வருமே... அப்புறம் ‘டப்’புனு நின்னுடும். அம்மா ஜாரை எடுத்துட்டு மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்குவாங்க. அந்த பட்டன்தான் மிக்ஸியோட மொத்த அறிவு. சூடு தாங்கலைன்னா நிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

பிரஷ்லெஸ் அப்படி இல்ல. இப்போ வீட்டுக்கு வீடு மாட்டுறோமே பி.எல்.டி.சி. ஃபேன், அதே வகை மோட்டார். பழைய ஃபேன் 75 வாட் குடிச்சா இது முப்பது வாட் வாக்கில முடிச்சுக்குது. இந்த வகை மோட்டார்ல உரசுற கரித்துண்டே கிடையாது, ஒரு எலெக்ட்ரானிக் போர்டுதான் மோட்டாரை ஓட்டுது. அந்த போர்டுக்கு ஒவ்வொரு நொடியும் மோட்டார் எங்கே நிக்குது, எவ்வளவு இழுக்குதுன்னு தெரியும். எல்லாரும் ‘பேட்டரி மிச்சம்’னு இதைக் கொண்டாடுறாங்க. எனக்குப் பிடிச்சது வேற. ஓட்டத் தெரிஞ்ச போர்டுக்கு நிறுத்தவும் தெரியும்! அதே மோட்டாரையே பிரேக்கா மாத்த முடியும். சாதாரண கிரைண்டர்ல ஸ்விட்சை விட்டபிறகும் வட்டு பல விநாடி சுத்திட்டே இருக்கும். பிரேக் வச்ச புது மாடல்கள்ல ரெண்டு விநாடிக்குள்ள நின்னுடற ரகங்கள் வந்தாச்சு.

இன்னும் இருக்கு. உங்க செல்போனைச் சாய்ச்சா படம் திரும்புதே, அந்த மாதிரி சென்சாரை ட்ரில்லுக்குள்ளயும் வச்சிட்டாங்க. கான்க்ரீட்ல துளை போடும்போது பிட் போய் உள்ளே இருக்கிற கம்பியில மாட்டிக்கும். பிட் நின்னுடும், ஆனா மோட்டார் நிக்காது. அப்போ எது சுத்தும்? ட்ரில்லே சுத்தும், உங்க மணிக்கட்டையும் சேர்த்து! இப்போ ஹில்ட்டி, பாஷ், மில்வாக்கினு பெரிய கம்பெனிகளோட சில மாடல்கள்ல கருவி திடீர்னு திரும்பினா, கை முறுக்கிக்கிறதுக்குள்ள மோட்டார் தானே நின்னுடுது. கீழே விழுந்தா நிக்கிற கிரைண்டரும் இருக்கு.

ஹாட் டாக்குக்கு ஒரு நன்றி!

இந்த ‘நிக்கிற’ கதையோட ஹீரோ ஒருத்தர் உண்டு. ஸ்டீபன் காஸ். அமெரிக்காவின் ஓரிகன்காரர். படிச்சது இயற்பியல்ல பி.ஹெச்டி., தொழில் காப்புரிமை வக்கீல், பொழுதுபோக்கு மரவேலை. இந்த மூணும் ஒரே ஆள்கிட்ட இருந்ததுதான் கதைக்கே அடிப்படை.

அமெரிக்காவுல மரவேலை செய்றவங்க கிட்ட ‘டேபிள் ஸா’னு ஒரு ரம்ப மேஜை இருக்கும். மேஜை நடுவுல வட்ட ரம்பம் எட்டிப் பார்த்துட்டு சுத்தும், பலகையைத் தள்ளினா அறுபட்டு வரும். பலகையோட கையும் போனா? அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோட மதிப்பீடுகள்படி டேபிள் ஸா பிளேடு பட்டு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைக்கு வர்றவங்க ஆண்டுக்கு சுமார் 30,000 பேர். அதுல விரல் துண்டாகிப் போறவங்க மட்டும் சுமார் 4,000. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல!

1999ல் காஸுக்குத் தோணின கேள்வி ரொம்ப சிம்பிள். மரத்துக்கும் மனுஷ விரலுக்கும் ரம்பத்தால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். காய்ஞ்ச மரத்துல மின்சாரம் லேசுல போகாது, நம்ம உடம்புல போகும். டச் ஸ்க்ரீன் நம்ம விரலைக் கண்டுபிடிக்கிற சமாசாரம்தான். ரம்பத்துக்குள்ள ஒரு சின்ன மின் சிக்னலை ஓட விட்டார். விரல் பட்டதும் சிக்னல் சரியும். சரிஞ்ச அடுத்த கணம், ஒரு மெல்லிய கம்பி எரிஞ்சு அறுபட, அது பிடிச்சு வச்சிருந்த ஸ்பிரிங் விடுபட, ஒரு அலுமினியக் கட்டை நேரா போய் ரம்பப் பல்லுல குத்தும். ரம்பம் அந்தக் கட்டைக்குள்ளயே புதைஞ்சு நிக்கும். சுத்தின வேகத்துலயே மேஜைக்குக் கீழே போயும் விடும். எல்லாம் சேர்த்து சுமார் 5 மில்லி விநாடி. கண் சிமிட்டுற நேரத்துல இதைப் பல தடவை செஞ்சு முடிக்கலாம். நிமிஷத்துக்கு 4,000 சுத்து ஓடுற, 40 பல் வச்ச ரம்பம்னா, அந்த நேரத்துக்குள்ள விரலைத் தொட்டுப் போகக்கூடியது ஏழெட்டுப் பல்தான். விரல் போற இடத்துல ஒரு கீறலோட முடியும்.

எப்படி டெஸ்ட் பண்றது? ஹாட் டாக்ல வைப்பாங்களே சாசேஜ், அது மின்சாரத்துக்கு நம்ம விரல் மாதிரியேதான். அதை ரம்பத்துல தள்ளினார். கீறலோட தப்பிச்சது சாசேஜ்! ஆனா ‘சாசேஜை நம்பி எவன் விரலை விடுவான்?’னு கேட்பாங்களே... 2000ல் தன் சொந்த விரலையே ஓடுற ரம்பத்துல வச்சார் மனுஷன். வலிச்சது, ரத்தம் வந்தது, விரல் முழுசா இருந்தது. (நீங்க எந்த ரம்பத்துலயும் இதை முயற்சி பண்ணாதீங்க சாமி!)

இனி கம்பெனிகள் வாசல்ல வந்து க்யூ நிக்கும்னுதானே நினைப்பீங்க? அவரும் அப்படித்தான் நினைச்சார்.

பெரிய கம்பெனிகள் எல்லாத்தோடயும் பேசினார், எதுவும் கையெழுத்தாகலை. விலை ஏறும், ஈர மரத்துல தப்பா நின்னுடும், அவர் கேட்ட ராயல்டி அதிகம்னு அவங்க தரப்பு. ‘பாதுகாப்பான ரம்பம் சாத்தியம்னு ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் வித்த பழைய ரம்பங்களுக்கெல்லாம் கேஸ் போடுவாங்களேங்கற பயம்தான்’னு காஸ் தரப்பு. கடைசியில கூட்டாளிகளோட தானே ‘ஸா ஸ்டாப்’னு கம்பெனி ஆரம்பிச்சு, தைவான்ல ரம்பம் செய்ய வச்சு, 2004ல் விக்க ஆரம்பிச்சார்.

அந்த பயம் சும்மா இல்லைனும் ஆச்சு. இந்தப் பாதுகாப்பு இல்லாத ரியோபி ரம்பத்துல கையில பலத்த காயம்பட்ட ஒரு தரை பதிக்கும் தொழிலாளி வழக்கு போட்டார். 2010ல் பாஸ்டன் ஜூரி அவருக்கு 15 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

இதுவரைக்கும் கைதட்டலாம். இனிமேதான் சிக்கல். பாஷ் கம்பெனி ‘ரியாக்ஸ்’னு ஒரு ரம்பத்தை 2016ல் இறக்கியது. விரல் பட்டதும் கார் ஏர்பேக் மாதிரி ஒரு வெடிப்பு, ரம்பம் மேஜைக்குக் கீழே இறங்கிடும். ஸா ஸ்டாப்ல பிளேடும் கார்ட்ரிட்ஜும் ஒரே தடவையில காலி. இதுல பிளேடு தப்பிக்கும். ஆனா ஸா ஸ்டாப் விடலை. ‘என் காப்புரிமையை மீறிட்டாங்க’னு வழக்குப் போட, 2017ல் அமெரிக்காவுக்குள்ள ரியாக்ஸ் வரவே தடை விழுந்தது. விரலைக் காப்பாத்த கிளம்பினவரோட கம்பெனி, விரலைக் காப்பாத்துற இன்னொரு ரம்பத்தைக் கடையில இருந்து இறக்கியது! சட்டப்படி சரிதான். கண்டுபிடிச்சவனுக்குக் காசு வரணும்கறதும் நியாயம்தான். இருந்தாலும் எனக்கு இது தொண்டையில சிக்கின முள் மாதிரிதான் இருக்கு. அதே 2017ல் ஸா ஸ்டாப்பையே ஜெர்மனியோட ஃபெஸ்டூல் குழுமம் வாங்கிடுச்சு.

அரசாங்கம்? ‘எல்லா டேபிள் ஸாவுலயும் இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்குங்க’னு காஸ் தரப்பு மனு கொடுத்தது 2003ல். ஆணையம் வரைவு விதி வெளியிட்டது 2017ல். திருத்தின வரைவு 2023ல். இருபது வருஷம் போய் இன்னொரு வரைவு! 2024ல் ஸா ஸ்டாப், ‘விதி அமலுக்கு வந்தா எங்க முக்கியமான ஒரு காப்புரிமையைப் பொதுவுக்கே விட்டுத் தர்றோம்’னு சொல்லிப் பார்த்தது.

விதி வந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு அதே நாட்டுல உதாரணம் இருக்கு. கான்க்ரீட்டையும் கல்லையும் அறுக்கும்போது வர்ற சிலிக்கா தூசி நுரையீரலை அரிக்கும். 2016ல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை அதுக்குக் கறாரா ஒரு விதி போட்டது. ‘தூசியை உறிஞ்சு, இல்லைன்னா தண்ணி ஊத்து’. அவ்வளவுதான், ட்ரில், கிரைண்டர், கட்டர் எல்லாத்துக்கும் வாக்யூம் குழாய் மாட்டுற மாடல்கள் கடையில வரிசை கட்டிடுச்சு.

நம்ம ஊர் மார்பிள் கட்டர்

‘டேபிள் ஸாவே நம்ம ஊர்ல அதிகம் இல்லையே, எனக்கென்ன?’னு கேட்கிறீங்களா? சரி, நம்ம ஊருக்கே வருவோம்.

மரவேலைக்கு வர்ற அண்ணன்கள் பிளைவுட் அறுக்க என்ன யூஸ் பண்றாங்கனு பாருங்க. பெரும்பாலும் மார்பிள் கட்டர். கல்லையும் டைல்ஸையும் அறுக்க வந்த கருவி. அதுல மர பிளேடைப் பூட்டி ஓட்டுறாங்க. சின்னது, விலை மூவாயிரம் நாலாயிரத்துல அடங்கும், எங்கே வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம். ஆனா வேகம் மரத்துக்கானது இல்ல. மறைப்புத் தகடு குறியை மறைக்குதுனு கழட்டி வச்சிடுறாங்க. இதுல இன்னொரு வில்லன், ஸ்விட்சுல இருக்கிற லாக் பட்டன். அமுக்கி விட்டா, கையை எடுத்தாலும் ஓடிட்டே இருக்கும். 1917ல் ட்ரிகர் கொடுத்த வரத்தை ஒரு பட்டன்ல திருப்பிக் கொடுத்தாச்சு!

நம்ம ஊருக்கே உரிய ஒரு சீனும் உண்டு. லாக் போட்டு அறுத்துட்டிருக்கும்போது கரன்ட் கட். கட்டரைத் தரையில வச்சிட்டு டீ குடிக்கப் போயிடுறாங்க. கரன்ட் திரும்பி வருது... தரையில கிடக்கிற கட்டர் தானா சுத்த ஆரம்பிச்சு ஓடுது. இதுக்கும் மருந்து கண்டுபிடிச்சாச்சு. ‘ரீஸ்டார்ட் புரொடக்‌ஷன்’. கரன்ட் போய் வந்தா, நீங்க ஸ்விட்சை ஒரு தடவை அணைச்சுப் போட்டாத்தான் ஓடும். விலை கூடின மாடல்கள்ல இருக்கு. பவர் கட்டே அதிகம் பார்க்காத நாடுகள்ல இது கிடைக்குது, நாம வாங்குற மலிவு மாடல்கள்ல பெரும்பாலும் கிடைக்கிறதில்லை!

சட்டம் இல்லையானு கேட்டா, 1948லேயே தொழிற்சாலைகள் சட்டத்தோட 21ம் பிரிவு, ஆபத்தான எந்திர பாகங்களுக்கு மறைப்பு போடணும்னு சொல்லிடுச்சு. ஆனா உங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து வார்ட்ரோப் செய்யற அண்ணன் எந்தத் தொழிற்சாலைக்குள்ளயும் வரமாட்டார்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையோட கை அறுவை சிகிச்சைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும் துண்டான விரலை ஒட்ட வைக்கிறதுல நாடு முழுக்கப் பேர் வாங்கினவை. பெருமைதான். அந்தத் திறமைக்கு இங்கே எவ்வளவு வேலை இருந்திருக்கும்னு யோசிச்சா பெருமை கொஞ்சம் கசக்குது. ஒரு விஷயம் மட்டும் மனசுல போட்டு வைங்க. யாருக்காவது விரல் துண்டாயிட்டா, காயத்தை சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு ரத்தத்தை நிறுத்துங்க. துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணியில வைங்க. விரல் நேரா ஐஸ் மேல படக்கூடாது, செத்துப் போயிடும். நேரம் கடத்தாம ஓடுங்க.

இன்ஜினீயரிங் புலிகளே, இங்கேதான் உங்களுக்கு வேலை. ஸா ஸ்டாப்போட கார்ட்ரிட்ஜ் ஒண்ணு மட்டுமே 100 டாலர் வாக்கில ஆகும். நம்ம மார்பிள் கட்டரோட முழு விலையே அதுல பாதிதான்! அந்த டெக்னாலஜியை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. கையில பிடிக்கிற கருவியில அலுமினியக் கட்டையைக் குத்தினா, நிக்கிற வேகத்துக்கு கருவியே கையை விட்டு எகிறும். 5 மில்லி விநாடி வேண்டாம். கை எடுத்தா ஒரு விநாடியில நிக்கிற, கரன்ட் திரும்பினா தானா ஓடாத, குறியை மறைக்காத மறைப்புத் தகடு வச்ச கட்டர், ஐந்நூறு ரூபாய் கூடுதல் செலவுல முடியுமா? மோட்டாருக்குப் பேர் போன கோயம்புத்தூரை வச்சுக்கிட்டு, ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இன்னும் ‘லைன் ஃபாலோயர் ரோபோ’வையே காசு கொடுத்து வாங்கிட்டிருக்கோமே பாஸ்!

புராஜெக்ட் முடிஞ்சவங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டுக்கோ, அப்பாவோட பட்டறைக்கோ கிரைண்டர், கட்டர் வாங்கப் போனா கடையிலயே பிளக்கை மாட்டி ஓட்டச் சொல்லுங்க. முழு வேகம் வந்ததும் ஸ்விட்சை விடச் சொல்லிட்டு, வட்டு நிக்கிற வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் லாக்கைப் போட்டு ஓட விட்டு, சுவத்து ஸ்விட்சை அணைச்சுத் திரும்பப் போடச் சொல்லுங்க. தானா ஓடுதானு பாருங்க. ‘பிரேக் வச்ச மாடல் இருக்காண்ணே?’னு கேளுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்... இந்த வாரம் அதைக் கேட்ட நாலாவது ஆள் நீங்கன்னா, அடுத்த லோடுல ரெண்டு பீஸ் எடுத்து வைப்பார்.